மூன்று ஓனர் பார்த்த வானம்

கூரையைத் திறந்து மூடுகிற கார்களை அவற்றின் மேலே இருக்கும் வானத்தோடு சேர்த்துத்தான் விற்பார்கள். புது வண்டிக்குப் புது வானம். பழைய வண்டிக்கு, அதை முன்னால் ஓட்டியவர்கள் புழங்கிய வானம். வண்டி போதும், வானம் வேண்டாம் என்று பிரித்து வாங்க முடியாது. சாதாரணக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊருக்குப் பொதுவான வானத்தின் கீழே போய்வந்து கொள்ளலாம்.

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த சென்னியப்பனுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ஆசைப்பட்டார். அவிநாசி சாலையில் பழைய கார் விற்கும் இடத்தில், கரும்பச்சை நிறத்தில், இரண்டே கதவுகளோடு ஒரு ஜெர்மன் வண்டி மூன்று மாதமாக நின்றது. புதிதாக வாங்கினால் ஒரு வீட்டின் விலை. இங்கே ஒரு சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கே தருவதாகச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று வயது வரை மொபெட்டிலேயே காலம் தள்ளிய மனிதர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

புரோக்கர் வின்சென்ட் நல்ல பையன். எதையும் மறைக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. கொஞ்சம் தள்ளிப்போடுகிற வழக்கம்தான் உண்டு. சென்னியப்பன் ஸ்குருடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, பத்து நிமிடம் கேட்டார். சத்தம் சுத்தமாக இருந்தது. சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த காந்தத்தைக் கதவுகளில் ஒட்டிப் பார்த்தார். அடிபட்டுப் பட்டி பார்த்த அடையாளம் எங்கேயும் இல்லை.

"வானம் எப்படிங்க?" என்று கேட்டார்.

"மூணு ஓனர் பாத்த வானம்ங்கண்ணா. சின்னச் சின்னப் பழக்கம் இருக்கும். ஓட்ட ஓட்டச் சரியாயிரும்."

"தொறந்து காட்டுங்க."

"காட்டறதுக்கென்னங்கண்ணா. ஆனா மணி பத்து இருபத்தஞ்சு. பத்தரைக்கு ராகு காலம். அட்வான்ஸை இப்பவே குடுத்துட்டீங்கன்னா, வானத்தைப் பன்னெண்டு மணிக்கு மேல நிதானமாப் பாத்துக்கலாம்."

நியாயமாகத்தான் பட்டது. சென்னியப்பன் அவசர அவசரமாக அட்வான்ஸ் கொடுத்தார். முப்பது வருடமாக, எவன் கொண்டுவந்த மோட்டாரையும் பிரித்துப் பார்க்காமல் பேச்சே கொடுக்காதவர், ராகு காலத்துக்குப் பயந்து ஒரு வானத்தைப் பார்க்காமலே வாங்கினார். பன்னிரண்டு மணிக்கு வின்சென்ட் இன்னொரு கிராக்கியோடு சூலூருக்குப் போயிருந்தான்.

வீட்டில் பூசை போட்டு, நாலு சக்கரத்தின் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியானதும், மனைவி சாந்தாமணியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினார். கூரை மடங்கிப் பின்னால் போயிற்று. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பளிச்சென்ற நீலம். வண்டி புதுச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன் என்பதால் அது கடற்கரை வானம். உப்புக் காற்று வந்தது, இரண்டு கடற்பறவைகள்கூடப் பறந்தன. சாந்தாமணியின் தலைக்கு மேலே மழை பெய்தது.

சென்னியப்பன் போனில் கேட்டார். "அதுங்களாண்ணா," என்றான் வின்சென்ட். "ரெண்டாவது ஓனரோட வீட்டம்மா அந்த சீட்டுல உக்காந்து நெறைய அழுதிருக்காங்க. ஈரமெல்லாம் மேல போயிருச்சு."

"எத்தன வருசம் அழுதாங்களாமா?" என்றாள் சாந்தாமணி.

"ஆறு வருசமாமா," என்று கேட்டுச் சொன்னார் சென்னியப்பன்.

"பாவம். அப்பத் தீர்றதுக்கு நாளாகுமுங்க," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டாள். அன்றைக்கு அவிநாசி வரைக்கும் போய்வந்தார்கள். சென்னியப்பன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து சாந்தாமணி பார்த்ததே இல்லை.

சங்கடம் வண்டியை நிறுத்திய பிறகுதான் வந்தது. கூரை மூடவில்லை. ஓடும்போது வலப்பக்கம் வெயில், இடப்பக்கம் மழை என்று ஒழுங்காகப் பிரிந்து நின்ற வானம், நின்றதும் ஒன்றோடொன்று கலந்து, வீட்டுக்கு மேலே சாம்பல் நிறத்தில் பரவித் தூற ஆரம்பித்தது. சென்னியப்பன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கடைத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்துவந்தார். வானம் அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த முகவரி இதுதான்.

மாசி முதல் சித்திரை முடிய சாந்தாமணி மொட்டைமாடியில் கூழ் வடகம் போடுவாள். பத்தொன்பது வருடமாக அவள் வடகத்துக்கென்றே காத்திருக்கும் கடைகள் ஊரில் பதினொன்று இருந்தன. விடியக் காய்ச்சிய கூழை அச்சில் பிழிந்து, வெள்ளை வேட்டியில் வரிசையாக வைத்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாததுபோல வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த உட்காருதலுக்காகத்தான் வருடம் முழுக்க மற்ற வேலைகளைச் செய்கிறாள் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். இப்போது வேட்டி முழுக்க வடகம் மறுபடி கூழாகிக் கிடந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். கூரை மோட்டார் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், ஏழு மாதம் ஆகும் என்றார். மோட்டார் என்ற சொல்லைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே கழற்றி, பிரித்து, புதிதாகக் காயில் கட்டினார். மோட்டார் அருமையாக ஓடியது. ஆனால் திறக்கிற பக்கமாக மட்டும் ஓடியது. கூரை இன்னும் கொஞ்சம் திறந்துகொள்ள, வானம் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விட்டது; வண்டி கிளம்பிப் போனாலும் அதன் ஓரம் வீட்டுக்கு மேலேயே நின்று தூறியது. விற்றுவிடலாம் என்று வின்சென்ட்டைக் கேட்டால், "இப்ப நாலு ஓனர் ஆயிருச்சுங்களேண்ணா," என்று வருத்தப்பட்டான்.

சாந்தாமணி கோபித்துக்கொள்ளவில்லை. அச்சையும் தட்டுகளையும் கழுவித் துடைத்து ஒரு சாக்கில் கட்டி வைத்தாள்.

"ஒரு வாரம் பாக்கறனுங்க. எம்பட வெயில் வரலீன்னா, பல்லடத்துல எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிர்றன். அங்க மொட்டமாடி பெருசு."

"எப்ப வருவே?"

"வெயில் இருக்கற எடத்துலதானுங்க வடகம் போட முடியும்."

கேட்டதற்கு இது பதில் இல்லை என்று முதலில் நினைத்தார். பிறகுதான் இதுவே பதில் என்று புரிந்தது. சென்னியப்பனுக்குப் பயமாக இருந்தது. சாந்தாமணி இல்லாத வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

இரண்டு நாள் கடையைத் திறக்காமல் யோசித்தார். வண்டியில் நல்ல வெயில் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, ஓட்டுகிறவர் சீட்டு; அதுவும் ஓடும்போது மட்டும். வடகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். அவருடைய தொப்பையின் நிழலில் பாதி வடகம் காயவில்லை. அந்த இடத்தில் ஒருவருக்குத்தான் வெயில். மூன்றாம் நாள் காலையில் அவர் தட்டை ஓட்டுகிற சீட்டில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, இந்தப் பக்கம் வந்து மழையில் உட்கார்ந்தார்.

தட்டு வண்டியைக் கிளப்பியது. சும்மா சொல்லக் கூடாது, நிதானமாகத்தான் ஓட்டியது. வேகத்தடை வந்தால் ஒரு வடகம்கூட நகராதபடி ஏறி இறங்கும். திரும்புகிற இடத்தில் ஹாரன் அடித்துக் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தட்டு காய்ந்தது. கடற்கரை வெயில் என்பதால் உப்பு கச்சிதமாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். சாந்தாமணி சாக்கைப் பிரித்தாள்.

லைசென்ஸ் விஷயத்தில் அவள் கறார். அடுத்த நாளே தட்டுக்குப் பழகுநர் உரிமத்துக்கு எழுதிப் போட்டாள். ரத்த வகை என்ற இடத்தில் பச்சரிசி என்று எழுதினாள். கண்ணாடியில் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டியாயிற்று. பழகுகிறவர் ஓட்டும்போது உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. ஆகையால் சென்னியப்பன் தினமும் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரைக்கும் நனைந்தார். சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டினால், என்றோ ஆசைக்கு எடுத்து வைத்திருந்த கார் லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையோடு நீட்டுவார். தட்டிடம் மரியாதையாகவே பேசினார். "கொஞ்சம் ஒடிச்சு எடுங்க... அவசரமில்லீங்க," என்பார். முதல் வாரத்தில் ஓட்டுகிற சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் தட்டு டெஸ்ட்டில் தேறாது, எப்படியும் தான் வண்டியிலேயே இருக்கலாம் என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்கு மாலையில் சாந்தாமணி காய்ந்த வடகத்தை ஒன்று எடுத்து ஒடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். மறுநாள் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

முப்பது நாள் கழித்து டெஸ்ட். தட்டு முதல் தடவையிலேயே தேறியது. அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், "இனி நீங்க கூட வரணும்னு இல்லீங்க," என்றார். சென்னியப்பன் கதவைத் திறந்து இறங்கினார். மழையும் அவரோடு இறங்கியது. முப்பது நாளில் அதற்கு அவர் பழகிவிட்டார்.

வண்டி இரண்டு பக்கமும் வெயிலோடு கிளம்பிப் போயிற்று. சென்னியப்பன் பஸ் ஏறப் பார்த்தார். கண்டக்டர் அவர் தலைக்கு மேலே பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். நடந்தே வந்தார். தெருமுனையிலிருந்தே தெரிந்தது: வீட்டுக்கு மேலே வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மொட்டைமாடியில் நாலு வெள்ளை வேட்டிகள் விரித்திருந்தன. சாந்தாமணி கைப்பிடிச் சுவர் ஓரமாக, ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் கேட்டில் கை வைத்ததும் எழுந்துவந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்கியே நில்லுங்க," என்றாள். "வடகம் காயுது."

சென்னியப்பன் கையை எடுத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றார். கொஞ்ச நேரத்தில் சாந்தாமணி கீழே வந்து, காப்பி டம்ளரை ஒரு கிண்ணத்தால் மூடி, கேட்டுக்கு மேலாக நீட்டினாள். அவர் கிண்ணத்தைத் தூக்காமல், ஓரமாக விலக்கிக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

"சித்திர முடிய இன்னும் பதினெட்டு நாளுதானுங்க," என்றாள் சாந்தாமணி.