இரண்டு கைகளாலும்

தன் நைனா அப்பாவுவின் விறைத்துப்போன வலக்கையைக் காக்கிச் சட்டைக்குள் நுழைக்க ரமாபாய் போராடிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா அறிவு அவள் தோளைத் தொட்டார்.

"வுட்ரு பாப்பா. ஸ்டேஷன்ல கேட்டுட்டேன். வேலைக்குச் சேர்ற ஆர்டர் இன்னும் வர்ல. யூனிபாரம் போடக் கூடாதாம்."

"கோர்ட்டே டிஸ்மிஸ்ஸ ரத்து பண்ட்ச்சே சித்தப்பா."

"பண்ட்ச்சு. இவங்க பேப்பர் வர்லியே."

அவள் நிறுத்தவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டின் அந்த ஒற்றை அறையில், புத்தர் படத்துக்குக் கீழே நைனா கிடந்தார். வேலை போன பிறகும் அந்தச் சட்டையை அவ்வப்போது வெயிலில் உலர்த்தி மடித்து வைத்தவர். போன வாரம் தீர்ப்பு வந்ததும் இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினார். இன்று விடியலில் மூச்சு நின்றுவிட்டது.

எல்லாம் பல வருஷங்களுக்கு முன் எண்ணூர்க் குப்பத்தில் நடந்த ஒரு சாவில் தொடங்கியது. சிறையிலிருந்த எத்திராஜ், தாயை அடக்கம் செய்ய அனுமதி வாங்கி வந்திருந்தான். விலங்கின் ஒரு வளையம் அவன் கையில், மற்றது காவலுக்குப் போன போலீஸ்காரர் அப்பாவுவின் கையில். "பெத்தவளுக்கு ஒத்தக் கையால மண்ணு போடச் சொல்றியா சார்?" என்று அவன் கேட்டான். அப்பாவு விலங்கைத் திறந்துவிட்டார். மண் போட்டவன் ஆற்றில் குளிக்கப் போனான். நெடுநேரம் காணவில்லை. மேலதிகாரி வந்து கத்திக்கொண்டிருந்தபோது, சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்து, தானாகவே கையை நீட்டினான்.

பூட்டு பழுது என்று சொல்லிவிடு, பிழைத்துக்கொள்வாய் என்று நண்பர்கள் சொன்னார்கள். விசாரணையில் அப்பாவு, "நான்தான் தொறந்தேன்" என்றார். வேலை போயிற்று.

"ஏட்டம்மா வந்துகினு கீறாங்க," அறிவு அவள் காதருகே குனிந்தார். "குத்தமே இல்லன்னு கோர்ட்டு சொல்ட்ச்சுன்னு சொல்றேன். அப்பதான் சட்டைய வுடுவாங்க. நீ கம்முனு இரு."

ஏட்டு குணசுந்தரி சீருடையில், மாலையோடு உள்ளே வந்தார். அவர் பார்வை சட்டையில் நின்றது.

"கோர்ட்ல இன்னா சொன்னாங்க?"

"குத்தமே இல்லன்னு..." அறிவு ஆரம்பித்தார்.

"இல்ல ஏட்டம்மா." ரமாபாய் எழுந்து நின்றாள். "நைனா வெலங்க அவுத்தது நெஜம்தான். கோர்ட்டும் அத இல்லன்னு சொல்லல. அதுக்குப் போயி வேலைய வுட்டே தூக்கறது ஜாஸ்தி, வேற தண்டன குடுத்து சேத்துக்கோங்கன்னு சொன்னாங்க. அவுத்தத தீர்ப்புல அழிக்காம வுட்டதுலதான் நைனாவுக்கு சந்தோஷம்."

"அப்பிடியே அப்பன உரிச்சி வெச்சிக்கீது," என்று அறிவு தலையில் கைவைத்தார். "பொய் சொல்ல ஒரு சான்ஸ் கெட்ச்சா வேஸ்ட் பண்ணிடும்."

யாரும் சிரிக்கவில்லை. ரமாபாயின் விரல்கள் சட்டை விளிம்பைப் பற்றியிருந்தன. கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும்.

குணசுந்தரி மாலையைப் போட்டார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அப்பாவுவின் மேல் குனிந்தார்.

"மேல் பட்டன் போடாம டூட்டிக்கு அனுப்புவியா?" என்றபடி அவரே பொத்தானைப் போட்டார்.

இடுகாட்டில் புத்த வந்தனம் சொல்லி முடித்ததும், கூட்டத்தின் பின்னால் எத்திராஜ் நிற்பதை ரமாபாய் கண்டாள். இப்போது தலை நரைத்திருந்தது. விடுதலையான நாளிலிருந்து, வலையில் நல்ல மீன் விழுந்தால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் வாசலோடு போகிறவர்.

"மொதல்ல நீ போடு பாப்பா," என்றார் அறிவு.

கையில் அள்ளிய மண்ணோடு அவள் விலகி நின்றாள்.

"வாங்கண்ணே. நீங்க போடுங்க."

குழி வெட்டியவர் மண்வெட்டியை நீட்டினார். எத்திராஜ் அதை வாங்கவில்லை. மண்டியிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து மண்ணை அள்ளினார். விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதையும் கூட்டி அள்ளிக்கொண்டார்.

ரமாபாய் தன் பிடி மண்ணோடு காத்திருந்தாள்.