இன்னொரு ஆறாம் துறை

...ஆறாம் எண் துறை என்றால் ஆறாம் எண் துறைதானே, இதில் குழம்ப என்ன இருக்கிறது, முப்பத்தோரு வருஷம் சிட்னித் துறைமுகத்துப் படகுகளில் கயிறு கட்டிய நெவிலுக்கு வழி சொல்ல ஒரு காகிதமா என்று மனைவி லினெட் நீட்டிய அழைப்பிதழைக் காலையில் கையில்கூட வாங்கவில்லை, பெரிய இவன், இப்போது சர்க்குலர் கீ படகுத்துறையில் கோட்டும் அதில் குத்திய பூவுமாக நிற்கிறான், சுற்றிலும் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம், கல்யாணக் களை எங்குமே இல்லை. டிக்கெட் ஜன்னல் பெண் சிரிக்காமல்தான் சொன்னாள், "கல்யாணப் படகா? அது கிங் ஸ்ட்ரீட் துறை சார், அங்கயும் ஒரு ஆறு இருக்கு. வெளியூர்க்காரங்க அடிக்கடி இங்க வந்து நிப்பாங்க." வெளியூர்க்காரங்க... காது மடல் எரிந்தது. மணி பதினொன்று ஐம்பது, படகு பன்னிரண்டுக்கு, மகள் ட்ரேசியைக் கைபிடித்து மாப்பிள்ளையிடம் அழைத்துப் போகவேண்டிய அப்பன் இங்கே நிற்கிறான். கார் வேறு மூன்று தளத்துக்குக் கீழே. வாசலிலேயே இடம் இருந்த நிறுத்தத்தை விட்டுவிட்டு, எனக்கு ஒரு குறுக்குவழி தெரியும் என்று இந்த அடித்தள நிறுத்தத்தில் நுழைந்தவனும் இவன்தான், அந்தக் குறுக்குவழியை எப்போதோ பலகை அடித்து மூடிவிட்டார்கள், முட்டியில் அறுவை செய்துகொண்ட லினெட் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து வந்தாள், வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தாமதமாக ஓடிவந்த பயணிகளின் முகத்துக்கு நேரே எத்தனை முறை படகின் ஏறுபலகையை இழுத்திருக்கிறான், நேரம்னா நேரம்தான் என்று... அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்ததே. போனை எடுத்தான், மகளிடம் என்னவென்று சொல்வது, சொல்லித்தானே ஆகவேண்டும்.

"அப்பா, கீயிலயா நிக்கிற? சரி, பதறாத. படகு ஒரு மணிக்குத்தான்."

"அம்மா பன்னெண்டுன்னு சொன்னாளே..."

"உனக்கு மட்டும் அப்படிச் சொல்லச் சொன்னேன்ப்பா. மெதுவா வா."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, ஒரு நொடிதான், பிறகு அந்த 'உனக்கு மட்டும்' உள்ளே இறங்கியது. பக்கத்தில் லினெட் பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் தப்பா திரும்பினப்பவே உனக்குத் தெரியுமா என்று கேட்டான். "தெரியும்." ஏன் சொல்லவில்லை? அவள் நிமிரவில்லை. "சொன்னா கார்லயே சண்ட பிடிப்ப, கல்யாணம் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கெளப்பிடலாம்னு நாங்க பேசிக்கிட்டோம்." கோபமே இல்லாமல் சொன்னாள், மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது போல. பேசிக்கிட்டோம் என்றால் யார் யார், எப்போதிலிருந்து... வெட்கம் கழுத்து வரைக்கும் ஏறியது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மச்சான் வீட்டுக்குப் போனால் வருஷா வருஷம் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள், நேரம் தெரியாத கும்பல் என்று இவன் கேலி பேசுவான், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், இவனும் சேர்ந்து சிரிப்பான்... அங்கேயும் இவனுக்கு மட்டும் நேரத்தை முன்னாடியே சொல்லி வைத்தார்களா என்று லினெட்டைக் கேட்டுவிடலாம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள், "போலாமா?" என்றாள், அவன் அதைக் கேட்கவில்லை.