இடதுபக்கத்துத் தொகை

இறந்துபோன வாப்பாவின் மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியைப் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஷஹீர் தன் அக்காள் சுல்ஃபியாவை அடுக்களைப் பக்கம் இழுத்துப்போனான். காலையில்தான் துபாயிலிருந்து வந்திருந்தான்; கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“லாத்தா, மையத்துத் தொழுகைக்கு முன்ன நான் எந்திச்சு நிக்கணும். வாப்பா ஆருக்காவது குடுக்க வேண்டியது இருந்தா நான் ஏத்துக்கிடுதேன்னு சொல்லணும். எவ்வளவு உண்டும்?”



குளச்சலில் வாப்பாவின் வலைக்கடையைச் சில வருஷமாக அவள்தான் நடத்துகிறாள். நூல், கயிறு, மிதவை எதன் விலை கேட்டாலும் நாக்கு நுனியில் இருக்கும். முட்டத்திலிருந்தும் கடியப்பட்டணத்திலிருந்தும் வருகிறவர்கள் பேரம் பேசித் தோற்றுத்தான் போவார்கள். ஆனால் வருஷாவருஷம் ஆடிட்டர் அனுப்பும் அறிக்கை மட்டும் பிடிபடவே இல்லை. இடதுபக்கம் கொடுக்க வேண்டியவை என்று இருக்கும். அதன் தலையிலேயே மைதீன் கனி என்று வாப்பாவின் பெயரும், நேர் எதிரே பெரியதொரு தொகையும். அது ஏறிக்கொண்டே போனது. வாப்பா யாரிடமோ வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டால் அவர் மனசு நோகும். ஆடிட்டரிடம் கேட்டால், கடை நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள்.

போன நோன்புக்கு முன்னால், மக்கத்துக்கு உம்ராப் பயணம் போகவேண்டும் என்று வாப்பா ஆசையாகச் சொன்னார். “கடைக்கு நெறைய கடன் கெடக்கு வாப்பா, அது தீரட்டும்” என்றாள். கடனை வைத்துக்கொண்டு போகக்கூடாது என்று அவருக்கும் தெரியும். கணக்கைப் பார்க்காமல் அவள் சொன்னதை அப்படியே நம்பி, “சரி மக்களே, தீரட்டும்” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

“ஏட்டி, என்ன குசுகுசுப்பு?” என்று அஹ்சன் மாமா எட்டிப்பார்த்தார். “ஊருக்கெல்லாம் விலை சொல்லுதவளுக்கு சொந்த வாப்பாக்க கடன் தெரியாதா?”

சுல்ஃபியா நாகர்கோவிலுக்குப் போன் போட்டாள். ஆடிட்டர் ஷைஜா எடுத்தார்.

“மேடம், எங்க வாப்பா மவுத்தாயிட்டாவ.”

“அய்யோ! எப்போ மக்கா?”

“ராத்திரி. மேடம், இடதுபக்கத்துல வாப்பா பேருல கெடக்கே ஒரு தொகை, அது ஆருகிட்ட வாங்குனது? மையத்த எடுக்கதுக்கு முன்ன தெரியணும்.”



“அது கடனில்ல சுல்ஃபியா. கடை வேற, ஒங்க வாப்பா வேறன்னு வச்சுத்தான் கணக்கு எழுதுவோம். அவிய போட்ட முதலு, எடுக்காம விட்ட லாபம், இதெல்லாம் கடை அவியளுக்குக் குடுக்க வேண்டியது. அதான் அந்தப் பக்கம் வருது. காசா கையில இருக்காது. வலையா, வரவேண்டிய பாக்கியா கெடக்கும்.”

“அப்போ வெளியில?”

“நூல் கம்பெனி பில்லு ஒண்ணுதான். இத்தன வருஷத்துல நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மக்கா.”

சுல்ஃபியா போனைக் கீழே வைத்தாள்.

“நூல் கம்பெனி பில்லு மட்டுந்தான். தைரியமா எந்திச்சு நில்லு” என்றாள் தம்பியிடம்.

“அல்ஹம்துலில்லாஹ்! நான் பயந்தே போயிட்டேன், லாத்தா.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

சந்தூக்கு தெருவைக் கடந்தது. பள்ளி பக்கத்தில்தான். ஒலிபெருக்கியில் ஷஹீரின் குரல் கேட்டபோது வீட்டிலிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தினார்கள். “எங்க வாப்பா ஆருக்காவது எதாவது குடுக்க வேண்டியது இருந்தா...” குரல் இடறி, மறுபடி எழுந்தது. பிறகு அமைதி. அந்த அமைதி முடியட்டும் என்று சுல்ஃபியா காத்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தொழுகையைத் தொடங்கும் தக்பீர் கேட்டது.

உள்ளறையில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த உம்மா சுலைகா பீவி நிமிர்ந்தாள்.

“ஒரு கடனும் இல்லையாட்டி?”

“பில்லு ஒண்ணு உண்டும். வேற இல்ல உம்மா.”

“நல்லது. கடன் தீந்ததும் உம்ரா போவணும்னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாவ.” உம்மா அவள் முகத்தையே பார்த்தாள். “எப்போட்டி தீந்துது?”

சுல்ஃபியா எழுந்து பின்முற்றத்துக்குப் போனாள். வாப்பாவைக் குளிப்பாட்டிய தண்ணீர் மண்ணில் இன்னும் வற்றாமல் நின்றது. அதில் கால் படாமல் சுவரோரமாகவே சுற்றி நடந்தாள்.