அந்தரத்தில் நின்ற விளக்கு

1

இந்தக் கதை எனக்குத் திருச்செந்தூர் ரயிலில் கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். எதிர்ப்பலகையில் இருந்த கருப்பட்டி வியாபாரி பால்துரை தன் மனைவியிடம் அளந்துகொண்டு வந்தார்:

"ஏளா, பூமி கெழக்காமச் சுத்துதாம். கொழும்புல பலூன்ல ஏறி சும்மா நின்னாப் போதும். தூத்துக்குடி தன்னால காலுக்கடியில வந்துரும். கப்பல் டிக்கெட்டு மிச்சம்."

"எறங்கும்போது அசந்துட்டா?"

"அசந்துட்டா திருவனந்தபுரம்."

பெட்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் தொடர்களின் நாயகன், துப்பறியும் சிவசுப்பிரமணியனுக்கு இந்த வாரத்துக்கான துப்புக் கிடைத்துவிட்டதே!

2

தொடக்கம், முதல் முயற்சி: "1942, மே. கொழும்பில் குண்டு விழுந்து ஒரு மாதம். இருட்டடிப்பில் மூச்சடக்கிக் கிடந்த தூத்துக்குடியின் வானத்தில், அந்தி மங்கும் வேளையில், ஒரு

(வேண்டாம். நேரே சொல்லிவிடுகிறேன்.)

காகிதப் பலூன் ஒன்று, அடியில் எரியும் விளக்கோடு, ஒரு மணி நேரம் மேற்கு வானில் அந்தரத்தில் நின்றது. எதிரிக் கப்பலுக்குச் சைகை என்று ஊர் நடுங்கியது. மறுநாள் காலையில் அது ஊருக்கு மேற்கே, புதுக்கோட்டைக் கிராமத்துப் பனை ஒன்றில் சிக்கிக் கிடந்தது. ஏற்றியவன் அகப்பட்டால் தூக்கு.

பலூன் அந்தரத்தில் நின்ற அதே நேரத்தில் சிவசுப்பிரமணியனின் கார், ரேடியேட்டர் கொதித்து, பாளையங்கோட்டைச் சாலையில் நின்றிருந்தது. (இந்த வரி சும்மா ஓர் அழகுக்கு.)

3

போலீஸ் படகிலிருந்து, சங்கு குளிக்கும் தோணிக்குத் தாவினான் சிவசுப்பிரமணியன். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். தோணியில் கஸ்பார், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து நின்றான்.*

"இனிகோ எங்கே?"

"அடியில கெடக்கான் ஐயா. இப்பத்தான் முங்குனான்."

"மேலே வந்ததும் கைது. பலூன் ஏற்றிய ஒற்றன் அவன்."

"எவன் சொன்னான்?"

"பூமி சொன்னது."

(இந்த வசனத்தை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு டீ குடித்தேன்.)

"பூமி கிழக்கே சுழல்கிறது. அந்தரத்தில் நிற்பதை விட்டுவிட்டு அது நகர்ந்துவிடும். பலூன் மேற்கே பின்தங்கும். மேற்கே விழுந்தது என்றால் கிழக்கே, கடலில்தான் ஏற்றியிருக்கவேண்டும். அன்று அந்தியில் கடலில் இருந்த ஒரே தோணி இது."

"பாய் கிழிஞ்சி போச்சிய்யா, அதான் கரையடையப் பிந்திட்டு. தையல் போட்ட பாய் அன்னா தொங்குது. அதைக் கேளும், அதுவும் பேசுதான்னு பாப்போம்."

*இந்தக் கரையில் சங்கு குளிக்கிறவனை மேலே தூக்கும் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் அல்லவா? கஸ்பார் இனிகோவின் மச்சான்.

4

இங்கே நின்றுவிட்டேன். திரும்பி வந்த ரயிலில் தீப்பெட்டியைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தீப்பெட்டி என் கையிலேயே விழுந்தது, பின்பலகைக்குப் போகவில்லை. ரயில்பெட்டி ஓடும்போது அதற்குள் இருக்கும் காற்றும், தீப்பெட்டியும், நானும் சேர்ந்துதானே ஓடுகிறோம்? பூமியும் தன் காற்றைக் கூட்டிக்கொண்டுதான் சுழல்கிறது. பூமியின் ஓட்டம் இங்கே மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் மைல். அது பலூனை விட்டுவிட்டுப் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் பலூன் அரபிக்கடலுக்கு மேலே நிற்கும். புதுக்கோட்டைப் பனைக்கு அதனிடம் என்ன வேலை?

பலூனைத் தள்ளுவது காற்றுதான். அந்த வாரம் கச்சான் எடுத்துவிட்டது, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. கடலில் ஏற்றியிருந்தால் அது கடலோடு போயிருக்கும். புதுக்கோட்டையில் சிக்கவேண்டுமானால் அதற்கும் மேற்கே, பாளையங்கோட்டைச் சாலையில்

யாருடைய கார் நின்றது?

அழகுக்கு எழுதிய வரி அது. இப்போது அதைத் தொடவே கை கூசுகிறது. சிவசுப்பிரமணியனுக்குப் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் கொடுத்ததும் நான்தான், முதல் தொடரில். பால்துரைக்குத் தெரியாமல் போகலாம். இவனுக்குமா தெரியாது? தெரிந்தே ஏன் சொன்னான்? வழக்கு இல்லாத ஊரில் துப்பறிகிறவனுக்கு என்ன பிழைப்பு? (தொடர் இல்லாத வாரத்தில் எனக்கு?)

நான் இவ்வளவு எழுதும் வரை இனிகோ அடியில்தான் இருக்கிறான்.

5

முடிவு ஒன்று: இனிகோ மேலே வருகிறான், விலங்கு, சிவசுப்பிரமணியன் சிகரெட் பற்றவைக்கிறான். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: கான்ஸ்டபிள்களுக்குக் காற்று நினைவுக்கு வருகிறது. அவர்கள் சிவசுப்பிரமணியனைப் பார்த்து... இல்லை, வராது. நாலு தொடர் வென்றவனை அவர்கள் சந்தேகிக்கமாட்டார்கள்.

மூன்றாவதை யோசிப்பதற்குள் சிவசுப்பிரமணியன் கை நீட்டிவிட்டான்.

"கயிற்றை என்னிடம் கொடு."

"இது அசலான் பிடிக்கிற கயிறு இல்ல. வெலகும்யா!"

"பிடியுங்கள் இவனை."

கான்ஸ்டபிள்கள் கஸ்பாரின் தோளை அமுக்குகிறார்கள். செத்தவன் வாதாடமாட்டான், வழக்கும் முடிந்துவிடும். சிவசுப்பிரமணியனின் விரல் கயிற்றைத் தொட ஒரு சாண்தான் பாக்கி.

பேனாவை இங்கே தாளிலிருந்து எடுத்துவிட்டேன். என் கையிலும் அந்தக் கயிறு வேண்டாம். சிவசுப்பிரமணியனை வளர்த்துவிட்டவன் நான். நீங்கள் பிடியுங்கள். இப்போது இனிகோவுக்கு நீங்கள்தான் மச்சான். அடியிலிருந்து ஒருமுறை சுண்டினால் தூக்கிவிட வேண்டும். மேலே விலங்கு இருக்கிறது, ஆகவே தூக்கினால் மட்டும் போதாது. காற்றைச் சொல்லவேண்டும், காரைச் சொல்லவேண்டும், சத்தமாக.

கயிறு ஈரம். வழுக்கும். இறுக்கிப் பிடியுங்கள்.

சுண்டுகிறான்.