மணியத்தின் சாலொமோன்

சாலொமோன் ராஜா சாகும்வரை மனந்திரும்பவே இல்லை என்று முப்பது வருடமாகச் சாதித்து வந்தவர் மூப்பர் மணியம். அத்தனை ஞானம் இருந்தும், வயதான காலத்தில் மனைவிமார் பேச்சைக் கேட்டு விக்கிரகங்களுக்குக் கோயில் கட்டினான்; பிறகு வருந்தினான் என்று வேதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது, கதை அவ்வளவுதான். மலேசியாவில் உலு திராமில் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ச் சபையில் அவரை எதிர்த்துப் பேச பாஸ்டருக்கே தைரியம் இல்லை.

அதை வைத்துத்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் சொந்த மாமியாரையே சபைக்கு வெளியே தள்ளினார். வெள்ளையம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். ஞானஸ்நானம் எடுத்து இருபது வருடம் ஆனவள். வயிற்றில் புற்றுநோய் முற்றி டாக்டர்கள் கைவிட்டதும், யாரிடமும் சொல்லாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். செத்தபின் குளிப்பாட்டிய பெண்கள் அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்கள். விஷயம் மணியம் காதுக்குப் போனது. மகள் செல்வராணி புருஷனின் காலைப் பிடித்து அழுதாள்.

"சாலொமோனுக்கே மன்னிப்பு கிடையாது. உங்கம்மா என்ன அவனைவிடப் பெரிய ஆளா?" என்றார்.

ஜெபம் இல்லை, பாட்டு இல்லை, சபைக் கல்லறையில் ஆறடி மண்ணும் இல்லை. இந்துவாகவே இருந்துவிட்ட வெள்ளையம்மாவின் தம்பி சபாபதிதான் தூக்கிக்கொண்டு போய் எரித்தான்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். போன வருடம் மணியத்துக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மனுஷனைப் பயம் பிடித்துக்கொண்டது. பொந்தியான் பக்கம் ஒரு சாமியாடி நோயை இறக்குகிறார் என்று கேள்விப்பட்டு, வாடகைக் கார் பிடித்துப் போய், சேவல் அறுத்து, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். எவனோ எடுத்த படம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

சபை அவரை ஆறு மாதம் ஒதுக்கி வைத்தது. அந்த ஆறு மாதத்தில்தான் சாலொமோன் மனந்திரும்பினார்! 'அவன்' போய் 'அவர்' ஆகிவிட்டார். முதுமையில் எல்லாம் மாயை என்று எழுதினாரே, அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று வீடு வீடாகப் போன் போட்டுச் சொன்னார் மணியம்.

திரும்பச் சேர்க்கும் ஞாயிறு வந்தது. விழுந்தவர் எல்லார் முன்னும் அறிக்கை செய்ய வேண்டும். அது உண்மைதான் என்று வீட்டில் ஒருவர் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். இதுவரை எந்த மனைவியும் மறுத்ததில்லை. சபைக்குக் காரை ஓட்டிக்கொண்டே செல்வராணி கேட்டாள்.

"சாலொமோன் திருந்திட்டாருன்னா, அம்மாவுக்குப் பண்ணது தப்புதானேங்க? இன்னிக்கு அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

மணியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது வேற லா. அவரு எழுதி வெச்சாரு. உங்கம்மா என்னத்த எழுதி வெச்சாங்க?"

"அவங்களுக்குக் கைநாட்டுதானே தெரியும்."

"அதுக்கு நான் என்னா பண்றது?"

செல்வராணி சபை வாசலில் காரை நிறுத்தினாள்.

மணியம் அழகாக அழுதார். பாதிச் சபை கூடவே அழுதது. அறிக்கையில் பொந்தியான் வந்தது, சேவல் வந்தது, சாலொமோன் இரண்டு தடவை வந்தார். வெள்ளையம்மா வரவில்லை.

பாஸ்டர் மைக்கை நீட்டினார். "ஒரு வார்த்தை போதும், அக்கா. அண்ணன் மனந்திரும்பிட்டாரு, இல்லையா?"

செல்வராணி எழுந்து வாங்கிக்கொண்டாள்.

"சாலொமோன் திருந்தினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது, பாஸ்டர். அவரு செத்துட்டாரு, கேக்க முடியாது. இவர இன்னிக்குக் காலையில கார்ல கேட்டுட்டேன். திருந்தல."