மீட்டர் பார்க்க நின்ற இடங்கள்

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நெஞ்சுநோய் டாக்டர், கையில் கடிகாரத்தோடு ஒரு நர்ஸ், நடந்து காட்டவேண்டிய ஓய்வுபெற்ற மீட்டர் ரீடர், மடியில் பழைய ஃபைலோடு அவர் மனைவி.

ஆறு நிமிடம் நடக்கவேண்டும். அவ்வளவுதான் சோதனை. முப்பது வருடம் மாடி மாடியாக ஏறி மின்சாரக் கணக்கெடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு நடையா என்று நர்ஸிடம் அலட்டிக்கொண்டுதான் கிளம்பினார். நான்காம் நிமிடத்தில் சுவரோரம் ஒரு மின்பெட்டி முன் நின்று குனிந்தார்.

"ஐயா, நடங்க."

"இரும்மா. நம்பர் பாத்துக்கறேன்."

பெட்டியில் நம்பரே இல்லை. வெறும் இரும்புக் கதவு.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இப்படித்தான் வீட்டுப் படியிலும் ஒவ்வொரு மாடியிலும் மீட்டர் முன்னால் நிற்பார். "ரிட்டையர் ஆகியும் வேலைய விடலையா? யாரு சம்பளம் தர்றா?" என்று மேலிருந்து கத்துவாள். குளித்துவிட்டு வந்தால் சட்டை போட அரைமணி நேரம். சோம்பேறி என்பாள். அவர் வாயைத் திறக்காமல் சிரிப்பார்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "ரெண்டு வருஷம் முன்னாடி விலா எலும்புக்கு எடுத்த ஸ்கேன்லயே இருக்கே. ரெண்டு நுரையீரல்லயும் அடியில தழும்பு. ஒரு வருஷத்துல திரும்பப் பாக்கணும்னு எழுதியிருக்கு. யாரும் சொல்லலையா?"

"எலும்பு கூடிடுச்சுன்னு மட்டும்தான் சொன்னாங்க" என்றார் அவர்.

அவள் அந்த வரியை அன்றே படித்திருந்தாள். தெரிந்தால் மனிதர் படுத்துவிடுவார் என்று தாளை மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். அந்த நாளை வரவேயில்லை. இன்று காலை அவசரத்தில் அலமாரியிலிருந்த எல்லாத் தாளையும் ஃபைலில் திணித்தபோது இதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

வீட்டுக்கு மூன்று மாடி. முதல் மாடியில் அவருக்கு முன் அவளே நின்றாள். மீட்டரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக, மெதுவாக வாசித்தாள். அவர் கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கினார்.

"அந்த எலும்பு டாக்டர சும்மா விடக்கூடாது" என்றார் இரண்டாம் மாடியில். "எழுதி வச்சுட்டு வாயத் திறக்கல பாரு."

மூன்றாம் மாடியில் சாவியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அவர் மேல தப்பில்லைங்க. அந்தத் தாள நான் படிச்சேன். அப்பவே."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தங்கள் வீட்டு மீட்டரைப் பார்த்தார். இந்தமுறை நிஜமாகவே வாசிப்பதுபோல வெகுநேரம். பிறகு சாவியை வாங்கித் திறந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.