வானதியின் விசாவும் நான் நட்ட தென்னந்தோப்பும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த ஆனி மாதம் ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பெண் குரல். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், நீங்க எழுதின தென்னந்தோப்பு எங்க சார் இருக்கு?"

வாசகர்கள் இப்படிக் கேட்டால் எழுதுகிறவனுக்கு இனிக்கும். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அது மனசுக்குள்ள இருக்கும்மா" என்றேன்.

"அதான் சார் பிரச்சினை. பட்டாவுல இல்ல" என்றாள்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியின் வெள்ளிவிழா மலருக்கு நான் ஒரு கட்டுரை கொடுத்தேன். 'காவிரி என் நரம்புகளில் ஓடுகிறது' என்று ஆரம்பிக்கும். நடுவில் எங்கள் குடும்பத்துத் தென்னந்தோப்பு வரும். அதன் நிழலில் நான் படுத்துக்கொண்டு எதையோ நினைத்து உருகுவேன். எங்களுக்குத் தோப்பு கிடையாது. (கட்டுரைக்கு நிழல் தேவைப்பட்டது.)

வெளிநாட்டுக்குப் படிக்க ஆள் அனுப்பும் ஓர் அலுவலகம் அந்தக் கட்டுரையைக் கண்டெடுத்து, ஆங்கிலமாக்கி, 'படிப்பு முடிந்ததும் கட்டாயம் தாயகம் திரும்புவேன்' என்று விசாவுக்கு எழுதித்தர வேண்டிய கடிதத்துக்கு அச்சாக வைத்துக்கொண்டது. பெயரை மட்டும் மாற்றினால் போதும். என் நரம்பில் ஓடிய காவிரி, இரண்டு மாவட்டங்களில் ஏறக்குறைய நாற்பது பேர் நரம்பில் ஓடியது. சிலருக்கு விசாவும் கிடைத்தது. போன் செய்த வானதிக்குக் கிடைக்கவில்லை.

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். அடித்ததையும் அப்படியே விட்டுவைக்கிறேன், என் யோக்கியதை தெரியட்டும்.

"வெண்ணாற்றங்கரையில் பச்சைப் பட்டு விரித்தாற்போல்..." (வேண்டாம். இந்தப் பட்டு விரிப்பில் வழுக்கித்தான் ஒரு பெண் விழுந்திருக்கிறாள்.)

"வானதி ஒரு கனவு கண்டாள். அந்தக் கனவுக்குச் சிறகு" (பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிற வாசகம் அது.)

"வானதிக்கு விசா மறுக்கப்பட்டது."

இது பரவாயில்லை. இதில் நிழலே இல்லை.

3

வானதிக்கு விசா மறுக்கப்பட்டது. வயது இருபத்து நான்கு. நீடாமங்கலத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நான்கு கிலோமீட்டர் போனால் அவள் ஊர். அப்பா துரைராசுக்கு இரண்டரை ஏக்கர் நன்செய். அம்மா ஞானாம்பாள். மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரயில் சிக்னல் தொழில்நுட்ப முதுகலைக்கு இடம் வாங்கியிருந்தாள். (எந்த நாடு என்று சொல்லமாட்டேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.)

போன வருஷம் வந்த மறுப்புக் கடிதத்தை விசா அதிகாரி மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். குடும்பத்துத் தென்னந்தோப்பின்மேல் உள்ள பாசத்தால் திரும்பி வருவேன் என்கிறீர்கள். நீங்கள் இணைத்திருக்கும் நில ஆவணங்களில் நெல் மட்டுமே இருக்கிறது. ஆகவே படிப்பு முடிந்ததும் எங்கள் நாட்டைவிட்டுப் போவீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.

நாற்பது பேரில் ஒருத்தியின் கடிதத்தையாவது ஒரு மனிதர் கடைசிவரை படித்திருக்கிறார். என் கட்டுரையை அவ்வளவு கவனமாகப் படித்த முதல் ஆள் அவர்தான். விழா மலரின் ஆசிரியர்கூடப் படித்ததில்லை.

பல்கலைக்கழகம் இடத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்தது. இன்னொரு முறை தள்ளாது. இந்த வருஷம், அவள் எனக்குப் போன் செய்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் புதுக் கடிதத்தை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். இதுவும் மறுக்கப்பட்டால் இடம் போய்விடும்.

வானதி மறுபடி தஞ்சாவூருக்கு, அந்த அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடி அறை. மேசையில் ஆறு நாட்டுக் கொடிகள், சுற்றாத உலக உருண்டை ஒன்று. ஆலோசகர் ராஜசேகர் கோட்டைக் கழற்றாமலே மின்விசிறியை வேகப்படுத்தினார்.

"தோப்புதானம்மா பிரச்சினை? எடுத்துடுவோம். மாந்தோப்பு வெச்சுடுவோம்."

"எங்களுக்கு மாந்தோப்பும் இல்ல சார்."

"அட, பாசம் இருக்குல்ல? அதத்தான் அவன் கேக்குறான்."

"நான் சிக்னல் படிக்கப் போறேன் சார். எங்க ஊரு ரயில்வே கேட்டப் பத்தி எழுதட்டுமா?"

ராஜசேகர் பேனாவை மூடி வைத்தார். "கேட்டு, டிராஃபிக்கு, டிராக்டரு. இதெல்லாம் எழுதுனா நம்ம நாட்டப் பத்தி என்ன நெனப்பான்? காவிரி எழுதும்மா. காவிரின்னா மேப்புல பாத்துக்குவான்."

"எங்களுக்குத் தண்ணி வெண்ணாத்துலேருந்து சார்."

"அதெல்லாம் அவனுக்கு எதுக்கு?"

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. பழைய கடிதத்தின் இரண்டாம் வரியைத் தமிழாக்கிச் செல்போனில் தேடிப் பார்த்தாள். விழா மலர் கிடைத்தது, நானும் கிடைத்தேன்.

குற்ற உணர்ச்சியில், "நானே ஒண்ணு புதுசா எழுதித் தரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். நீங்க எதுவும் எழுதாம இருந்தாலே போதும்."

கடிதம் எழுத வேண்டாம் என்றாளே தவிர, கதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்துதான் இதை எழுதுகிறேன்.

4

நீடாமங்கலம் கேட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு. (அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கேயே.) ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு தண்டவாளம் போகிறது. நெல் மூட்டை ஏற்ற வந்த சரக்கு வண்டி முன்னும் பின்னும் நகரும். மன்னார்குடி வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் கொண்டுபோய் மாட்டுவார்கள். அதுவரை கேட் மூடியிருக்கும். இங்கே நின்று முகூர்த்தத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. பெண் பார்க்கப் போன கூட்டம், எதிர் வேனில் இருந்த பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு இப்படியே திரும்பியதும் உண்டு. (இதில் பாதி நான் சேர்த்தது. எந்தப் பாதி என்று சொல்லமாட்டேன்.)

வானதி இந்தக் கேட்டில்தான் வளர்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. வீட்டுப்பாடத்தைப் பள்ளி வேனில் இங்கேதான் முடிப்பாள். கேட் விழுந்ததும் முதலில் லாரிக்காரர் எஞ்சினை அணைப்பார். பிறகு பஸ், பிறகு ஒவ்வொரு பைக்காக. எல்லாம் அடங்கியபிறகு மினி பஸ்ஸின் பாட்டு மட்டும் தனியாகக் கேட்கும். மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு ஜன்னல் ஜன்னலாக வரும். அறுவடை நாட்களில், முன்னால் நிற்கும் டிராக்டர் டிரெய்லரிலிருந்து ஈர நெல்லின் சூடு முகத்தில் அடிக்கும். அந்தச் சூட்டில் தூங்கிப்போய், எதிர் வீட்டுத் தர்ஷினி தோளில் எச்சில் ஒழுகவிட்டு அடி வாங்கியிருக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பில் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கேட் மூடும் நேரமும் திறக்கும் நேரமும் எழுத ஆரம்பித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. கேட் இறங்கிப் பூட்டிக்கொண்ட பிறகுதான் தூரத்துச் சிக்னல் நிறம் மாறுகிறது என்பதை அவளாகவே கண்டுபிடித்த நாளில், யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. வேனில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரஃப் நோட்டு இப்போது இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. விசா அதிகாரிக்கே அனுப்பிவைத்துக் கதையை முடித்திருப்பேன். இல்லை. ஞானாம்பாள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுப் பூண்டு வாங்கிவிட்டார்.

புதன்கிழமை காலை, இ-சேவை மையத்தில் சிட்டா நகல் வாங்குவதற்காக வானதி அப்பாவோடு பைக்கில் நீடாமங்கலம் கிளம்பினாள். கேட் மூடியிருந்தது. துரைராசு வண்டியை அணைத்தார். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ராசம்மாள் கூடையோடு வந்தார்.

"என்ன தம்பி, மவ இன்னும் பிளேன் ஏறலியா?"

"இந்தக் கேட்டத் தாண்டுனாத்தானக்கா ஏர்போர்ட்டு" என்றார் துரைராசு.

"திரும்பி வருவேன்னு அவங்க நம்புற மாதிரி எழுதணுமாம் அத்தே. அதுலதான் நிக்கிது" என்றாள் வானதி.

"இவ்ளோதானா? வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவியா. எம் மவன் ரெண்டே வருசம்னு சொல்லிட்டுத்தான் சிங்கப்பூர் போனான். பன்னெண்டு வருசமாச்சு. கேட்டா, வந்துக்கிட்டே இருக்கேன்மாங்குறான். எங்க வந்துக்கிட்டு இருக்கானோ."

சொல்லிவிட்டு பஸ் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். துரைராசு திரும்பாமலே கேட்டார்.

"நீ நெசமாவே வருவியா?"

இந்த இடத்தில் ரயில் வர வேண்டும். அது தடதடவென்று கடக்க, வானதியின் உதடுகள் அசைய, சத்தத்தில் பதில் காதில் விழாமல் போக, நீங்கள் ஒரு பெருமூச்சோடு பக்கத்தைத் திருப்ப... எனக்கும் ஆசைதான். ஆனால் நீடாமங்கலம் கேட்டில் வேண்டிய நேரத்துக்கு ரயில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. எஞ்சினை இன்னும் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது.

"தெரியலப்பா" என்றாள்.

(அவர் என்ன சொன்னார் என்பதை இப்போது எழுதவில்லை. அவருக்கே கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.)

5

துரைராசு விஷயத்தில் எனக்குத் துணிவு போதவில்லை. முதல் பிரதியில் அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மகள் கையில் வைத்தார். அது தார் ரோடு. இரண்டாம் பிரதியில் துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் துண்டு போடுவதில்லையாம், ஹெல்மெட் போட்டிருந்தாராம். வானதி போனில் இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சம் இருந்தது அவர் முதுகு மட்டும்தான். பின்னால் இறங்கி நின்றிருந்தவளுக்கும் அதுதானே தெரிந்திருக்கும்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே கடிதத்தை எனக்கு அனுப்பினாள். "இங்கிலீஷ் மட்டும் பாருங்க சார். வேற எதுலயும் கை வைக்காதீங்க." கை வைக்கவில்லை. தமிழில் அது இப்படி இருக்கும்:

"ஐயா, சென்ற ஆண்டு நான் அனுப்பிய கடிதம் என்னுடையது அல்ல. எங்களுக்குத் தென்னந்தோப்பு இல்லை. மன்னிக்கவும்.

எங்கள் ஊரில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. பன்னிரண்டு வருடப் பள்ளிக்காலத்தில் தினமும் சராசரியாக நாற்பது நிமிடம் அதன்முன் நின்றிருக்கிறேன். கேட் பூட்டாமல் ரயிலுக்குச் சிக்னல் விழாது என்பது பாதுகாப்புக்காக. பூட்டியதற்கும் ரயில் வருவதற்கும் நடுவில் வீணாகும் நேரத்தைப் பாதுகாப்பு குறையாமல் எவ்வளவு சுருக்கலாம் என்பதுதான் என் கேள்வி. உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் பருவத்தில் இதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகத்தான் வருகிறேன்.

திரும்பிப் போவாயா என்று கேட்கிறீர்கள். என் அப்பாவும் கேட்டார். இரண்டு வருடம் கழித்து எனக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று இன்றைக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அனுமதி முடிந்த நாளுக்கு அடுத்த நாள் உங்கள் நாட்டில் இருக்கமாட்டேன். மூடிய கேட்டுக்குக் கீழே குனிந்து என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் நுழைந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வு அன்று. அதைச் செய்திருக்கக் கூடாது."

கடைசிப் பத்தியை எடுத்துவிடச் சொல்லி ராஜசேகர் மூன்று முறை போன் செய்தாராம். தான் செய்த குற்றத்தைத் தானே எழுதிக்கொடுக்கிற விண்ணப்பதாரரை அவர் பார்த்ததில்லை. வானதி வியாழக்கிழமையே அப்படியே ஏற்றிவிட்டாள்.

6

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் திருச்சி விமான நிலையம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஞானாம்பாள். எழுதி முடித்துப் பார்த்தால், என் வெள்ளிவிழா நடை மறுபடி எட்டிப் பார்க்கிறது. இரண்டாவதில் விசா இல்லை. வானதி தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்த, தினமும் போகும்போதும் வரும்போதும் கேட்... இதற்குமேல் எழுத மனம் வரவில்லை. மூன்றாவதில் அவள் போய், வேலை கிடைத்து அங்கேயே இருந்து, பத்து வருஷம் கழித்துத் தமிழ்ச்சங்க மலரில் 'அந்தக் கேட் என் நரம்புகளில் மூடியிருக்கிறது' என்று ஒரு கட்டுரை எழுதுகிறாள். நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான். அதனால் இதைத்தான் முதலில் அடித்தேன்.

ஆகவே, நீங்களே விசா அதிகாரியின் நாற்காலியில் உட்காருங்கள். கடிதத்தைப் படித்துவிட்டீர்கள். சிட்டா நகலும் இருக்கிறது: இரண்டரை ஏக்கர், நன்செய். இவளுக்குப் பிறகு இன்னும் அறுபது பேர் கோப்பு காத்திருக்கிறது. திரையில் இரண்டு கட்டங்கள். திருப்தி, திருப்தியில்லை.

டிக் செய்வதற்குமுன் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இதே கேள்வியை உங்களுக்கு முன்னால் ஒருவர் கேட்டார். இதே பதில்தான் அவருக்கும் கிடைத்தது. உங்களைவிட அவருக்கு நஷ்டம் அதிகம்.

துரைராசு வெகுநேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வானதி அவர் சட்டையின் முதுகில் இருந்த வியர்வைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் மாட்டி, மன்னார்குடி வண்டி அவசரமே இல்லாமல் கடந்து போனது. கேட் ஏறியது. இரண்டு பக்கமும் எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கு ஆள் ஹாரன் அடிக்க, இறங்கி நின்றிருந்த மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் வண்டியை உதைத்தார்.

"ஏறு. ஒரு மணிக்கு அந்த இ-சேவைப் பொண்ணு ஆபீஸப் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிரும். உனக்குச் சிட்டா வாங்கணும்ல."